ஸ்பைரல் நோட்ஸில் வாஷிங்டன்: எதை நம்பலாம், எதைத் திருத்த வேண்டும்

கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் பக்கம் கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் செமஸ்டர் நெருங்கினால் ஸ்பைரல் நோட்ஸ் வரிசையாகத் தொங்கும். அமெரிக்க வரலாற்றுத் தாளுக்கான தமிழ்வழி நோட்ஸும் அதில் ஒன்று. தொகுத்தவர் பெயர் கிடையாது. 96 பக்கம், பேக் டு பேக், 110 ரூபாய். அதில் 22 பக்கம் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆட்சிக்கு ஒதுக்கியிருக்கிறார்கள் (1789–1797). இங்கே பேசுவது அந்த 22 பக்கத்தைப் பற்றி மட்டும்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். புதிதாகப் பிறந்த ஒரு நாடு கஜானாவில் காசில்லாமல் எப்படி எழுந்து நின்றது என்பதைத் தமிழில் இவ்வளவு மலிவாக வேறு எதுவும் தருவதில்லை. ஆனால் பேனாவோடு உட்கார்ந்து திருத்திக்கொள்ள வேண்டும். அப்படியே மனப்பாடம் செய்தால் மதிப்பெண் போவதோடு நிற்காது, விஷயமே தலைகீழாக மனதில் ஏறிவிடும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். கடையில் இருப்பது ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்தது. பழைய செட்டில் 3-ம் 8-ம் ஒன்றுபோல இருக்கும், 6-ன் வால் மறைந்து 0 ஆகிவிடும். 14-ஆம் பக்கக் கடன் அட்டவணையில் வலது ஓரப் பத்தியை ஸ்பைரல் துளை கடித்திருக்கிறது. தொகை இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருக்கிறது. பணம் கொடுக்கும் முன்பு அந்தப் பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். எண் தெரியவில்லை என்றால், "அண்ணே, மாஸ்டர் காப்பியில இருந்து எடுத்துக் குடுங்க" என்று கேளுங்கள். கேட்டால் எடுத்துத் தருகிறார்கள், கூடுதல் காசு வாங்குவதில்லை.

உள்ளடக்கத்தில் பெரிய குறை பகுப்பிலேயே இருக்கிறது. "அரசியல் சவால்கள்" பதினோரு பக்கம், "பொருளாதாரச் சவால்கள்" பதினோரு பக்கம் என்று பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள். விஸ்கிக் கலகம் அந்தப் பக்கம், விஸ்கி வரி இந்தப் பக்கம். பிரிட்டனோடு செய்துகொண்ட ஜே ஒப்பந்தம் முன்னால், அதற்குக் காரணமான சுங்க வருமானம் பின்னால். வாஷிங்டன் காலத்து அரசியல் சண்டை எதை எடுத்தாலும் அதன் வேர் கடனில்தான் போய் முட்டும். இரண்டையும் பிரித்துப் படிக்கிற மாணவருக்குச் சம்பவங்களின் பட்டியல் கிடைக்கும், காரணம் கிடைக்காது. ஸ்பைரலைக் கழற்றி, இரண்டு பகுதியின் தாள்களையும் ஆண்டு வரிசையில் மாற்றிக் கோத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் முதல் யோசனை. பேக் டு பேக்காக இருப்பதால் சில தாள்கள் ஒத்துவராது. அந்த ஐந்தாறு பக்கங்களை மட்டும் ஒருபக்க ஜெராக்ஸ் எடுத்தால் போதும்.

தொடக்கப் பக்கத்தில் மூன்று திருத்தம். "13 மாநிலங்களும் வாக்களித்து வாஷிங்டனைத் தேர்ந்தெடுத்தன" என்று இருக்கிறது. வாக்களித்தவை 10 மாநிலங்கள்தான். வட கரோலினாவும் ரோட் ஐலண்டும் அப்போது அரசியலமைப்பையே ஏற்கவில்லை. முன்னது 1789 நவம்பரிலும், பின்னது 1790 மே மாதத்திலும்தான் சேர்ந்தன. அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலங்கள் சார்பில் வாக்களிப்பவர்கள் தேர்வாளர்கள்; நியூயார்க் தன் தேர்வாளர்களைக் காலத்தில் நியமிக்கவில்லை. வாக்களித்த 69 தேர்வாளர்களும் தங்கள் இரண்டு வாக்கில் ஒன்றை வாஷிங்டனுக்கு அளித்தார்கள். 34 வாக்கு பெற்ற ஜான் ஆடம்ஸ் துணை அதிபர் ஆனார். அடுத்தது, அமைச்சரவையை அரசியலமைப்பு உருவாக்கியதாக எழுதியிருப்பது. அரசியலமைப்பில் அப்படி ஓர் அவை இல்லை. வெளியுறவு, போர், கருவூலம் ஆகிய மூன்று துறைகளையும் 1789 கோடையில் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், சட்டம் போட்டு அமைத்தது. துறைத் தலைவர்களைக் கூட்டி ஆலோசிக்கும் வழக்கத்தை வாஷிங்டன்தான் கொண்டுவந்தார். மூன்றாவது, பதவியேற்ற இடம். வாஷிங்டன் நகரம் என்று அச்சாகியிருக்கிறது. 1789 ஏப்ரல் 30 அன்று அவர் உறுதிமொழி எடுத்தது நியூயார்க்கில், பெடரல் ஹால் கட்டடத்தின் மாடி முகப்பில். வாஷிங்டன் நகரம் அப்போது இல்லவே இல்லை. அது எப்படி வந்தது என்பதும் கடன் கதைதான்.

கடன் பகுதிக்கு வருவோம். முழு நோட்ஸிலும் அதிகம் படிக்கவேண்டியது இதுதான், அதிகம் தவறு இருப்பதும் இதில்தான். "மொத்தக் கடன் 79 கோடி டாலர்" என்கிறார்கள். மூலத்தில் மில்லியன் என்று இருந்ததை அப்படியே கோடி என்று போட்டுவிட்டார்கள். பத்து மில்லியன் சேர்ந்தால்தான் ஒரு கோடி. சரியான தொகை சுமார் 7 கோடியே 91 லட்சம் டாலர். கருவூலச் செயலர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில் கணக்கு இப்படி வரும்: பிரான்ஸ், ஹாலந்து முதலிய வெளிநாட்டுக் கடன் 1 கோடியே 17 லட்சம், உள்நாட்டில் மத்திய அரசின் கடன் வட்டியோடு 4 கோடியே 4 லட்சம், கணக்கு முடிக்கப்படாத பாக்கி 20 லட்சம், மாநிலங்களின் கடன் சுமார் இரண்டரைக் கோடி. அட்டவணையில் அந்த 20 லட்சம் விடுபட்டிருக்கிறது. கூட்டிப் பார்க்கிற மாணவருக்குக் கணக்கு ஏன் இடிக்கிறது என்பது இதனால்தான்.

அடுத்து நோட்ஸ் ஒரே வரியில் தாண்டிப்போகிற இடம் ஒன்று உண்டு: "பத்திரம் வைத்திருந்தோருக்கு முழுத் தொகையும் தரப்பட்டது; மேடிசன் எதிர்த்தார்." எதிர்க்க என்ன இருக்கிறது என்று மாணவர் கேட்பது நியாயம். டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதை விளக்கச் சிரமமே இல்லை. தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்து நெல் களத்தில் குவிந்து கிடக்கிறது. கொள்முதல் நிலையம் இன்னும் திறக்கவில்லை, அல்லது ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிட்டார்கள். மழை மேகம் கூடுகிறது, படுதா போதவில்லை, அறுப்பு மெஷின் வாடகை பாக்கி நிற்கிறது. வியாபாரி வந்து குறைந்த விலைக்குக் கேட்கிறார். விவசாயி கொடுத்துவிடுகிறார். அதே நெல் பிறகு யாரோ ஒருவரின் சிட்டா அடங்கலோடு 40 கிலோ சிப்பமாகக் கொள்முதல் நிலையத்துக்குள் போய் அரசு விலை பெற்றால், அந்த விலை யாருக்குச் சேர்ந்தது? அமெரிக்கச் சிப்பாய்க்கு நடந்ததும் இதுதான். சுதந்திரப் போரில் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன்பத்திரம் வாங்கிய சிப்பாய், அரசு பணம் தரும் என்ற நம்பிக்கை போய், கைச்செலவுக்கு அதை டாலருக்குக் கால் டாலர் கூட இல்லாத விலையில் தரகரிடம் விற்றுவிட்டார். இப்போது அரசு முழுத் தொகையும் தரப்போகிறது. அது யாருக்கு? பத்திரத்தை முதலில் பெற்றவருக்கும் ஒரு பங்கு சேரவேண்டும் என்றார் வர்ஜீனியாவின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன். கையில் வைத்திருப்பவருக்கே முழுதும் என்றார் ஹாமில்டன். யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று பின்னோக்கிப் போய்த் தேட ஆரம்பித்தால் அரசுப் பத்திரத்தை இனி யாரும் நம்பி வாங்க மாட்டார்கள் என்பது அவர் வாதம். 1790 பிப்ரவரியில் மேடிசனின் திட்டம் 36-க்கு 13 என்று தோற்றது. ஹாமில்டன் சொன்னதில் நிதி நியாயம் இருந்தது, சிப்பாயின் வயிற்றெரிச்சலிலும் நியாயம் இருந்தது. அந்த எரிச்சல் தென்மாநிலங்களில் ஓர் எதிர்க்கட்சிக்கு விதையானது. கட்சிகளின் தோற்றத்தை நோட்ஸ் எட்டாம் பக்கத்தில் "கருத்து வேறுபாடு" என்ற ஒற்றைச் சொல்லில் முடிக்கிறது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு இந்த வாக்கெடுப்பை எழுதிக்கொள்ளுங்கள்.

மாநிலக் கடன்களை மத்திய அரசு ஏற்பது அடுத்த சண்டை. மாசசூசெட்ஸும் தென் கரோலினாவும் கழுத்தளவு கடனில் இருந்தன. வர்ஜீனியா தன் கடனில் பெரும்பகுதியைக் கட்டி முடித்திருந்தது. கட்டியவன் கட்டாதவனுக்காக மறுபடி வரி கொடுப்பதா என்று அது கேட்டது. கூட்டுறவு சங்கத்தில் தவணை தவறாமல் கட்டியவர்கள், தள்ளுபடி அறிவிப்பு வரும்போது கேட்கிற அதே கேள்வி. 1790 ஏப்ரலில் பிரதிநிதிகள் சபை 31-க்கு 29 என்று மசோதாவைத் தோற்கடித்தது. பிறகு ஜூன் மாதம் வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெபர்சன் வீட்டு விருந்தில் ஹாமில்டனும் மேடிசனும் உட்கார்ந்து பேசினார்கள். தலைநகர் பத்தாண்டு பிலடெல்பியாவில் இருந்துவிட்டு, 1800-இல் தெற்கே பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போகும். கடனேற்புக்குத் தென்மாநில வாக்குகள் சில வரும். ஜூலை 16-இல் தலைநகர்ச் சட்டம், ஆகஸ்ட் 4-இல் கடன் சட்டம். வாஷிங்டன் நகரம் பிறந்தது இப்படித்தான். நோட்ஸில் இந்த இரண்டு சட்டத்துக்கும் நடுவே ஒன்பது பக்க இடைவெளி.

வட்டிக் கணக்கை நோட்ஸ் தொடவே இல்லை. வினாத்தாளில் நேரடியாகக் கேட்கமாட்டார்கள், ஆனால் இது தெரிந்தால் ஹாமில்டன் திட்டம் முழுதும் விளங்கிவிடும். மாநிலக் கடன்பத்திரம் 900 டாலருக்கு ஒருவர் வைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அதை மூன்றாகப் பிரித்துப் புதுப் பத்திரம் தருவார்கள். ஒன்பதில் நான்கு பங்கு, அதாவது 400 டாலர், உடனே 6 சதவீத வட்டிக்கு. ஒன்பதில் இரண்டு பங்கு, 200 டாலர், 6 சதவீதம்தான், ஆனால் வட்டி 1801-இலிருந்து தொடங்கும். மீதி 300 டாலர் 3 சதவீதத்துக்கு. 1800 வரை அவருக்கு ஆண்டு வட்டி 24-ம் 9-ம் சேர்ந்து 33 டாலர். 1801-இலிருந்து இன்னொரு 12 சேர்ந்து 45. மேலோட்டமாகப் பார்த்தால் 6 சதவீதம், உண்மையில் தொடக்கத்தில் 4 கூட இல்லை. முழு அசலையும் மதித்ததாகவும் ஆயிற்று, வருமானம் வளரும்வரை வட்டிச் சுமையைத் தள்ளிவைத்ததாகவும் ஆயிற்று. வெறும் கையோடு உட்கார்ந்திருந்த அரசுக்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு கிடைத்திருக்காது என்பது எங்கள் கருத்து.

அந்த வட்டிக்குப் பணம் எங்கிருந்து வரும்? அரசியலமைப்புக்கு முன்பு நடப்பில் இருந்த பழைய கூட்டமைப்பு விதிகளின்படி காங்கிரசுக்கு வரி போடும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் கேட்கலாம், கொடுத்தால் உண்டு. இறக்குமதித் தீர்வைக்குக் கொண்டுவந்த இரண்டு முயற்சியில் ஒன்றை ரோட் ஐலண்டும் மற்றொன்றை நியூயார்க்கும் முடக்கின, விதியைத் திருத்த 13 மாநிலமும் சம்மதிக்க வேண்டியிருந்ததால். புது அரசு வந்ததும் 1789 ஜூலை 4 அன்றே சுங்கச் சட்டம், அதே மாதம் கப்பல் வரி. அமெரிக்கக் கப்பலுக்கு டன்னுக்கு 6 சென்ட், வெளிநாட்டுக் கப்பலுக்கு 50 சென்ட். இந்த எண்களை நோட்ஸ் சரியாகவே தருகிறது. இதிலிருந்து எழும் சிக்கலைத்தான் சொல்லவில்லை. வருமானத்தின் பெரும்பங்கு சுங்கம். இறக்குமதியின் பெரும்பங்கு பிரிட்டனிலிருந்து. பிரிட்டனோடு போர் என்றால் கஜானா அன்றே காலி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அரசியல் பகுதிக்குத் திரும்புங்கள். 1793-இல் பிரான்சும் பிரிட்டனும் மோதின. பிரான்ஸ், அமெரிக்காவின் விடுதலைக்குத் தோள் கொடுத்த நாடு. இருந்தும் வாஷிங்டன் ஏப்ரல் 22 அன்று நடுநிலை அறிவித்தார். பிரிட்டிஷ் கடற்படை இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்களைப் பிடித்தது. அப்போதும் போருக்குப் போகவில்லை, தலைமை நீதிபதி ஜான் ஜேயைத் தூது அனுப்பினார். 1794 நவம்பர் 19-இல் கையெழுத்தான ஒப்பந்தம் செனட்டில் 20-க்கு 10 என்று, மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்கு கூட மிச்சமில்லாமல் தேறியது. தெருவில் ஜேயின் உருவ பொம்மையை எரித்தார்கள். நோட்ஸ் இதை "வாஷிங்டனின் பிரிட்டன் சார்பு" என்று எழுதுகிறது. இது தவறான தீர்ப்பு. ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தது அதிகம், மறுப்பதற்கில்லை. ஆனால் சுங்க வருமானம் நின்றால் வட்டி நிற்கும், வட்டி நின்றால் ஏழாண்டு உழைப்பும் கரைந்துபோகும். அந்தக் கணக்கைச் சொல்லாமல் சார்பு என்பது மாணவருக்குச் செய்யும் அநியாயம்.

விஸ்கிப் பகுதியில் இன்னொரு பெரும் பிழை. தலைப்பையே "மதுவிலக்குக் கலகம்" என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். நம் ஊரில் மதுவிலக்கு என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. அதைப் படிக்கிற பிள்ளை, குடிக்கு எதிராகப் பெண்கள் திரண்டார்கள் என்று விடைத்தாளில் எழுதும். நடந்தது விஸ்கி காய்ச்சும் விவசாயிகள் கலால் வரியை எதிர்த்த கலகம். "விஸ்கி வரிக் கலகம்" என்று திருத்துங்கள்.

ஏன் விவசாயி விஸ்கி காய்ச்சினார் என்பதும் நோட்ஸில் இல்லை. மேற்கு பென்சில்வேனியாவிலிருந்து கிழக்குச் சந்தைக்கு வர அப்பலாச்சியன் மலையைத் தாண்ட வேண்டும். பொதிக் குதிரை ஒன்று நான்கு புஷல் (அங்கத்திய தானிய அளவு) ரை என்ற தானியம் சுமக்கும். அதையே காய்ச்சி எட்டு கேலன் பீப்பாய் இரண்டாகக் கட்டினால் 24 புஷல் தானியத்தின் மதிப்பு அதே குதிரை முதுகில் ஏறிவிடும். கையில் ரொக்கம் புழங்காத ஊரில் விஸ்கியே காசு. 1791 மார்ச் சட்டம் அந்த விஸ்கிக்கு வரியை ரொக்கமாகக் கேட்டது. கிராமத்து வாலைக்கு (சாராயம் காய்ச்சும் கலம்) கொள்ளளவில் கேலனுக்கு ஆண்டுக்கு 60 சென்ட், அல்லது காய்ச்சிய ஒவ்வொரு கேலனுக்கும் 9 சென்ட். 100 கேலன் வாலை வைத்திருப்பவர் ஆண்டுக்கு 60 டாலர் கட்டிவிட்டு 2,000 கேலன் காய்ச்சினால் கேலனுக்கு 3 சென்ட்தான் விழும். அறுவடைக்குப் பின் கொஞ்ச காலம் மட்டும் காய்ச்சி 300 கேலன் எடுக்கும் சிறு விவசாயிக்கு அது 20 சென்ட். ஆகவே 9 சென்ட் வழியே கதி. பெரியவருக்கு 3, சிறியவருக்கு 9. எரிந்தது இங்கேதான். அதோடு, வரி கட்டாதவர்கள் 300 மைல் தள்ளி பிலடெல்பியா நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும் என்று அழைப்பாணை வந்தது. 1794 ஜூலையில் வரி அதிகாரி ஜான் நெவிலின் வீடு கொளுத்தப்பட்டது. வாஷிங்டன் நான்கு மாநிலக் குடிப்படையினர் (படையில் சேரும் சாதாரணக் குடிமக்கள்) சுமார் 13,000 பேரைத் திரட்டி, தானே பெட்போர்டு வரை சென்றார். படை போய்ச் சேர்ந்தபோது எதிர்க்க ஆளில்லை. ராஜத்துரோகக் குற்றம் உறுதியான இருவரையும் மன்னித்தார். 1786-இல் மாசசூசெட்ஸில் கடனில் சிக்கிய விவசாயிகளின் ஷேஸ் கலகம் வெடித்தபோது அடக்கப் படை திரட்ட வழியில்லாமல் பழைய காங்கிரஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றதே, அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் விடை எடுபடும்.

மத்திய வங்கிப் பகுதி நன்றாக இருக்கிறது. ஒரு கோடி டாலர் மூலதனம், 20 ஆண்டு உரிமம், 1791 பிப்ரவரி 25-இல் வாஷிங்டன் கையொப்பம், எல்லாம் சரி. "அரசு வங்கி" என்ற சொல்லை மட்டும் மாற்றுங்கள். அரசின் பங்கு ஐந்தில் ஒன்றுதான்.

மிசிசிப்பி பற்றி நான்கு வரி இருக்கிறது, இன்னும் வேண்டும். காவிரியில் நாம் கடைமடைக்காரர்கள், மேலே திறந்தால்தான் கீழே தண்ணீர். கென்டக்கி விவசாயிக்கு நிலைமை நேர் எதிர். அவர் மேலே, ஆற்றின் வாய் நியூ ஆர்லியன்ஸ் ஸ்பெயின் கையில். படகில் சரக்கு ஏற்றலாம், கடலில் இறக்க அனுமதி இல்லை. 1795 அக்டோபரில் பிங்க்னி ஒப்பந்தம் அந்த வாயைத் திறந்தது. விஸ்கி வரியால் கொதித்த மேற்கு மக்களை நாட்டோடு கட்டிப்போட்டதில் குடிப்படையைவிட இந்த ஒப்பந்தத்துக்குப் பங்கு அதிகம் என்றே சொல்ல வேண்டும்.

அறவே இல்லாதவை இரண்டு. முதலாவது பூர்வகுடிகளுடன் நடந்த போர். 1791 நவம்பர் 4-இல் செயின்ட் கிளேர் தலைமையிலான படையில் அறுநூறுக்கு மேல் சிப்பாய்கள் மாண்டார்கள். 1794 ஆகஸ்டில் வேறு படை வென்று, அடுத்த ஆண்டு கிரீன்வில் ஒப்பந்தத்தில் ஒஹையோ நிலத்தின் பெரும்பகுதியை எழுதி வாங்கியது. இரண்டாவது அடிமை முறை. 1790 கணக்கெடுப்பில் 39 லட்சம் பேரில் கிட்டத்தட்ட 7 லட்சம் பேர் அடிமைகள். 1793-இல் தப்பியோடும் அடிமைகளைப் பிடித்து ஒப்படைக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் வாஷிங்டன். சுதந்திர நாடு யாருக்குச் சுதந்திரமாக இருந்தது என்று இந்த இரண்டும் இல்லாமல் எழுத முடியாது. அடுத்த பதிப்பில் இரண்டு பக்கம் சேர்த்தாக வேண்டும்.

22-ஆம் பக்கத்தின் பின்புறம் காலியாக இருக்கிறது. அதில் மேலிருந்து கீழாக வாக்கு எண்ணிக்கையை எழுதி வையுங்கள்: மேடிசன் திட்டம் 36–13 (தோல்வி), கடனேற்பு முதல் சுற்று 31–29 (தோல்வி), ஜே ஒப்பந்தம் செனட்டில் 20–10, அதைச் செயல்படுத்தப் பணம் ஒதுக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 51–48. கடைசி வாக்கெடுப்பின் தேதி 1796 ஏப்ரல் 30, பதவியேற்ற நாளிலிருந்து சரியாக ஏழு ஆண்டு. நோட்ஸில் இந்தத் தேதி 1798 என்று தெரிந்தால் அது ஜெராக்ஸ் மங்கல், 6-ஐ 8 ஆக்கியிருக்கிறது.